போகிறவர் கையில் என்ன இருக்கிறது?

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் மின்சாரமும் எரிவாயுவும் வழங்கும் நிறுவனம் பசிபிக் கேஸ் அண்ட் எலெக்ட்ரிக். 2010 செப்டம்பரில் சான் புரூனோ நகரில் அதன் எரிவாயுக் குழாய் வெடித்து 8 பேர் மாண்டனர். அடுத்த ஆண்டு நிறுவனத்தின் தலைவர் பதவியை விட்டுப் போனார். எதைக் கொண்டு போனார் தெரியுமா? சுமார் 3 கோடியே 50 லட்சம் டாலர்!

2018 நவம்பரில் அதே நிறுவனத்தின் மின்கம்பியிலிருந்து பிறந்த காட்டுத்தீ 85 உயிர்களைக் குடித்தது. 2019 ஜனவரியில் நிறுவனம் திவாலானதாக நீதிமன்றத்தை நாடியது. அதே மாதம் வெளியேறிய தலைமை அதிகாரிக்கு 25 லட்சம் டாலர் விடைபெறும் பணம்!

அமெரிக்கக் கதை நமக்கெதற்கு என்று கேட்காதீர்கள். 2018-ல் நம் கோவை மாநகராட்சியின் பழைய 60 வார்டுகளின் குடிநீர் விநியோகம் 26 ஆண்டு ஒப்பந்தத்தில் சூயஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்திடம் போனது. மின்சாரத்தையும் பேருந்தையும் தனியாரிடம் கொடுத்துவிடலாம் என்று பேசுவோரும் இருக்கிறார்கள். தனியார் வந்தால் அவர்களுடைய விடைபெறும் கணக்கும் கூடவே வரும்.

அந்தக் கணக்கைச் சட்டத்திலேயே பாருங்கள். 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 202-ஆம் பிரிவின்படி, ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் வந்து இரண்டே ஆண்டில் அனுப்பப்படும் நிர்வாக இயக்குநருக்கு, மீதமுள்ள மூன்றாண்டு ஊதியத்தை இழப்பீடாகக் கொடுக்கலாம். உழைப்பாளியின் பணிக்கொடையோ ஓர் ஆண்டுக்கு 15 நாள் சம்பளம். முப்பது ஆண்டு உழைத்தவனுக்கு 450 நாள் சம்பளம். இரண்டாண்டு நாற்காலிக்கு மூன்றாண்டு; முப்பதாண்டு வியர்வைக்கு ஒன்றரை ஆண்டுகூட முழுதாக இல்லை! இதுதான் நீதியா?

அந்த 450 நாள் சம்பளமாவது உரிய காலத்தில் கைக்கு வருகிறதா? நம் பெரியவர்கள் இன்றும் 'சேரன் பஸ்' என்றே அழைக்கும் கோவைக் கோட்டம் உள்ளிட்ட அரசுப் போக்குவரத்துக் கழகங்களில் ஓய்வு பெற்ற ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் கேளுங்கள். பணிக்கொடையும் வைப்பு நிதியும் கிடைக்காமல் அலைந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். 2018 ஜனவரியில் பேருந்து வேலைநிறுத்தம் நடந்தபோதுதான் நிலுவைக்காக 750 கோடி ரூபாய் தருவதாக அரசு அறிவித்தது. ஓய்வூதியர்களின் அகவிலைப்படி உயர்வும் ஆண்டுக்கணக்கில் நிறுத்தப்பட்டு, 2024 ஜனவரி வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் ஒன்றானது. கழகங்களை நிர்வகித்த அதிகாரிகள் ஒரு நாற்காலியிலிருந்து அடுத்த நாற்காலிக்கு மாறிப் போனார்கள். நிலுவை மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது!

பதவியை விட்டுப் போகிறவர் எப்படிப் போக வேண்டும் என்பதற்கு நம்மிடம் ஒரு வரலாறு இருக்கிறது. அபூபக்ர் (ரலி) அவர்கள் துணி வியாபாரி. கலீஃபாவான பிறகும் தோளில் துணிகளைச் சுமந்து சந்தைக்குக் கிளம்பினார்கள். தோழர்கள் தடுத்து, பைத்துல்மாலிலிருந்து ஒரு படியை நிர்ணயித்தார்கள். மரணத் தறுவாயில் அவர்கள் சொன்னது என்ன? ஆட்சிக்கு வந்த பிறகு என் பொருளில் கூடியது எதுவோ அதை அடுத்து வருபவரிடம் அனுப்பிவிடுங்கள் என்பதுதான். அதைக் கண்ட உமர் (ரலி) அழுதார்கள். தமக்குப் பின் வருவோரை இவர் சிரமத்தில் ஆழ்த்திவிட்டாரே என்றார்கள். அந்த உமர் (ரலி)யே தம் ஆளுநர்களின் சொத்தைப் பதவி ஏற்கும்போதே எழுதி வைத்து, பின்னர் கூடியதற்குக் கணக்குக் கேட்டார்கள்.

சமுதாயச் சொந்தங்களே! அரசை நோக்கி நீட்டிய விரலைக் கொஞ்சம் நம் பக்கமும் திருப்புவோம்.

சரவணம்பட்டியில் ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நம்மவர் கடை ஒன்றில் 22 ஆண்டுகள் மூட்டை தூக்கிக் கணக்கும் பார்த்தவர். முட்டி தேய்ந்து நின்றபோது முதலாளி கொடுத்தது ஒரு வேட்டி, ஒரு சட்டை, கொஞ்சம் ஜகாத் பணம். "ஹஜ்ரத், இது எனக்கு ஜகாத்தா, என் கூலியா?" என்று கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன். ஜகாத் ஏழையின் பங்கு. பணிக்கொடை உழைத்தவனின் பாக்கி. ஒன்றைக் கொடுத்து இன்னொன்றைக் கழிக்க முடியாது. பத்துப் பேர் வேலை செய்யும் கடையில் ஐந்தாண்டு உழைத்தவருக்குப் பணிக்கொடை சட்டப்படி கட்டாயம். பத்துப் பேர் இல்லாத கடைக்காரர் சட்டத்திலிருந்து தப்பலாம். ஆனால் வேலையை முழுதாக வாங்கிக்கொண்டு கூலியை மறுத்தவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்களே, அதிலிருந்து எங்கே தப்புவது?

வியாபாரிகளே! ஒவ்வொரு ஊழியர் பெயரிலும் மாதந்தோறும் ஒரு தொகையைத் தனியே எடுத்து வையுங்கள். அது உங்கள் பணமல்ல, அமானிதம். இளைஞர்களே! உங்கள் மஹல்லாவில் பணிக்கொடை கிடைக்காத பெரியவர் யார் யார் என்று கணக்கெடுங்கள். முதலில் முதலாளியிடம் போய்ப் பேசுங்கள். அவர் மறுத்தால் தொழிலாளர் துறைக்கு மனு எழுதிக் கொடுங்கள். அவர் நம்மவரா, பிறரா என்று பார்க்காதீர்கள்.

நம் கடையை விட்டுப் போகிறவர் கையில் அவருடைய பாக்கி முழுதாக இருக்கட்டும். அப்போதுதான் போக்குவரத்துக் கழகத்தின் வாசலில் நின்று நீதி கேட்க நமக்கு வாய் இருக்கும்.