இலவசம் வந்த வருஷத்தில் கூலியை ஏற்றலாமா?

2025 தீபாவளி முடிந்த கையோடு வரிசையாக இலவச அறிவிப்புகள் வந்தன. அக்டோபர் 30-ல் ஜியோ, கூகுளின் ஜெமினி ப்ரோவை 18 மாதம் இலவசம் என்றது; மதிப்பு 35,100 ரூபாயாம். நவம்பர் 4 முதல் சாட்ஜிபிடி கோ ஒரு வருஷம் இலவசம். ஏர்டெல்காரர்கள் ஜூலையிலேயே பெர்ப்ளெக்ஸிட்டியைக் கொடுத்துவிட்டார்கள். நம் வயதுக்காரர்கள் பலர் பேரன் படத்தைக் கொடுத்து கிருஷ்ணர் வேஷம் கட்டிப் பார்த்ததோடு சரி. ஆனால் சிவகாசியை நம்பி வீட்டில் கம்ப்யூட்டரை வைத்து டிசைன் செய்கிற பையன்களுக்கு இந்தச் செய்தி வேறு விதமாகப் போய்ச் சேர்ந்தது.

"அதான் ஓசியிலயே படம் வரையுதே தம்பி, நீ எதுக்கு 400 ரூவா கேக்க?"

எங்கள் தெருப் பையன் ஒருவன் தன் வாடிக்கையாளரிடம் கேட்டு வாங்கி வந்த பேச்சு இது. காலண்டர் அட்டை, பட்டாசு லேபிள், கல்யாணப் பத்திரிகை, கடை நோட்டீஸ் எல்லாம் செய்வான். சம்பளம் கிடையாது, வேலைக்கு இவ்வளவு என்று கூலி. ஆறு வருஷமாக அதே 400. "300 ஆக்கிடலாமான்னு பாக்கேன் மாமா" என்றான். 500 ஆக்கு என்றேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சிவகாசி அச்சகத்தில் எஸ்டிமேட் போடுவதுதான் என் வேலையாக இருந்தது. பேப்பர் இவ்வளவு, பிளேட் இவ்வளவு, ஆயிரத்துக்கு ஓட்டுக்கூலி இவ்வளவு, லேமினேஷன், டை கட்டிங், பைண்டிங், சேதாரத்துக்கு என்று கொஞ்சம் தாள். எல்லாவற்றுக்கும் தனி வரி உண்டு. டிசைனுக்கு மட்டும் வரி கிடையாது. ஆர்டரைப் பிடிப்பதற்காக 'டிசைன் நம்மளே போட்டுக் கொடுத்துருவோம்' என்று சொல்லிவிடுவது தொழில் வழக்கம். அதன் கூலி ஓட்டுக்கூலிக்குள் எங்கேயோ ஒளிந்துகொண்டிருக்கும். ஆக, டிசைன் என்றால் சும்மா வருவது என்ற எண்ணம் கம்ப்யூட்டருக்கு அறிவு வந்த பிறகு பிறந்ததல்ல. அது பழைய எண்ணம், இப்போது புதுச் சாக்கு கிடைத்திருக்கிறது.

இன்னும் பின்னால் போனால் கோவில்பட்டி கொண்டையராஜு. 1898-ல் பிறந்தவர், 1976-ல் மறைந்தார். நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதிவிட்டு, கோவில்பட்டியில் தங்கி, சீடர்களை உருவாக்கினார். அவரும் சீடர்களும் வரைந்த முருகனும் லட்சுமியும் சிவகாசியில் அச்சாகி, தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் தொங்காத சுவர் இல்லை. படத்துக்கு இவ்வளவு என்று ஒரு தடவை பணம் கொடுப்பார்கள். அதன்பின் எத்தனை ஆயிரம் அச்சானாலும் அது அச்சகத்தின் கணக்கு. கை வேலைக்கும் மெஷின் ஓட்டத்துக்கும் இடையில் காசு எந்தப் பக்கம் தங்கும் என்பது நம் பக்கத்தில் எப்போதோ முடிவான விஷயம்.

இப்போது இலவசத்துக்கு வருகிறேன். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபோது அதுவும் இலவசம்தான். மறு வருஷம் மார்ச் வரை நாம் எல்லோரும் ஓசியில் பேசினோம். 28 நாளைக்குத் தினம் ஒன்றரை ஜிபி தருகிற திட்டம் 2021 கடைசியில் 199-லிருந்து 239 ஆனது, 2024 ஜூலையில் 299 ஆனது. மூன்று வருஷத்துக்குள் பாதிக்குப் பாதி ஏற்றம். யாராவது ரீசார்ஜ் கடையில் நின்று 'போன மாசம் 239-க்குக் கொடுத்தியேப்பா' என்று சண்டை போட்டோமா? முணுமுணுத்துக்கொண்டு கட்டினோம். அடோபிக்காரர்கள் 2013-லேயே சாஃப்ட்வேரை விற்பதை விட்டு வாடகைக்குக் கொடுக்கிற முறைக்குப் போய்விட்டார்கள். சாட்ஜிபிடி கோவின் விலை மாதம் 399 ரூபாய் என்று ஆகஸ்டிலேயே அறிவித்துவிட்டுத்தான் நவம்பரில் இலவசம் என்றார்கள். பழக்கிவிட்டு விலை வைப்பது வியாபாரம், அதில் எனக்குக் கோபம் கிடையாது. உலகத்தில் பெரிய பணக்காரர்கள் கூச்சப்படாமல் ரேட்டை ஏற்றும்போது, சாத்தூரில் மாடி வீட்டில் ஃபேனுக்குக் கீழ் உட்கார்ந்திருக்கிற பையன் மட்டும் ஏன் குறைக்க வேண்டும்? அவனுக்கும் கரண்டு பில் வருகிறது.

சரி, நியாயம் ஒரு பக்கம். வாடிக்கையாளர் போய்விட்டால்? இந்தப் பயம் பொய்யல்ல, அதுவும் இந்த ஊர்க்காரனுக்கு. சாத்தூர் நிப்பை மறந்திருக்க மாட்டீர்கள். பேனா நிப் பட்டறைகள் எத்தனை இருந்தன! பால் பாயிண்ட் பேனா வந்து பரவியது, பட்டறைகள் ஒவ்வொன்றாகப் போயின. நிப் அடித்தவர் கூலியைக் குறைத்திருந்தால் பிழைத்திருப்பாரா? சும்மா கொடுத்திருந்தாலும் வாங்க ஆள் இல்லை. நிப்பே தேவைப்படாத பேனா வந்துவிட்டது, அவ்வளவுதான்.

அதே ஊரில்தான் சேவும் இருக்கிறது. பாக்கெட் சேவு எல்லாப் பெட்டிக்கடையிலும் தொங்குகிறது, மெஷினில் பிழிந்தது, விலையும் குறைச்சல். ஆனாலும் மதுரைப் பக்கம் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி இங்கே பொட்டலம் கட்டிக்கொண்டுதான் போகிறார்கள். கடலை மாவும் எண்ணெயும் ஏறும்போது சேவும் ஏறுகிறது. யாரும் கேள்வி கேட்பதில்லை.

அப்படியானால் பையனின் வேலை நிப்பா, சேவா? இதை யோசிக்காமல் ரேட்டை ஏற்று என்று சொல்வது வெறும் வாய்ச்சவடால். உட்கார்ந்து அவன் வேலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பூ பார்டர், பின்னணிப் படம், திறப்பு விழா நோட்டீஸுக்குக் குத்துவிளக்கு: இதெல்லாம் நிப். இரண்டு நிமிஷத்தில் வந்துவிடுகிறது, அதற்குக் கூலி கேட்டு இனி மல்லுக்கட்ட முடியாது.

பட்டாசு லேபிள் அப்படி இல்லை. 2018 அக்டோபர் 23-ல் சுப்ரீம் கோர்ட் பசுமைப் பட்டாசு மட்டும்தான் என்று சொன்ன பிறகு, பெட்டியில் நீரி முத்திரை, க்யூஆர் கோடு என்று எல்லாம் மாறியது. ஒரு எழுத்து, ஒரு எண் தவறினால் சரக்கு கோடவுனிலேயே நிற்கும். தினசரிக் காலண்டரில் ராகு காலம் ஒரு நாள் மாறிப்போனால் வருஷம் பூரா ஏச்சு. நகைக்கடை போன் நம்பரில் 6-க்குப் பதில் 8 விழுந்தால் பத்தாயிரம் காலண்டரும் பத்தாயிரம் வீட்டில் தப்பு நம்பரோடு 365 நாள் தொங்கும். ஓசிக் கம்ப்யூட்டர் அழகாக அம்மனை வரையும். கீழே 'ஸ்ரீ' போடச் சொன்னால் அது பாட்டுக்கு ஒரு புது எழுத்தைக் கண்டுபிடிக்கும். நாளைக்கு அதுவும் திருந்திவிடலாம். அப்போதும் பிளேட்டுக்குப் போவதற்கு முன் 'நான் பார்த்துவிட்டேன், சரி' என்று பெயர் சொல்லி நிற்க ஓர் ஆள் வேண்டும். தப்பு என்றால் கூப்பிட்டுத் திட்டுவதற்கும் அந்த ஆள்தான். அவன் கூலி அதற்கு. வரைவது எத்தனை வேகமானாலும் சரிபார்ப்பது வேகமாகாது, கண் இரண்டுதான்.

பையன் கணக்கில் புலி இல்லை, அதனால் தாளில் எழுதிக் காட்டினேன். மாதம் 40 வேலை, 400 வீதம் 16,000. 500 ஆக்கினால், 8 வேலை கைநழுவிப் போனாலும் 32 வேலைக்கு அதே 16,000. அந்த 8 வேலை நேரம் மிச்சம். 300 ஆக்கினால் அதே 16,000-க்கு 53-க்கு மேல் வேலை பார்க்க வேண்டும். விலை குறைத்ததால் வருகிறவர் இன்னொருவன் 250 என்றதும் போய்விடுவார், அவரை நம்பி 53 வேலை எங்கிருந்து வரும்?

எப்படி ஏற்றுவது என்பதில்தான் நம் ஆட்கள் சொதப்புகிறார்கள். மார்கழி அவசரத்தில், வேலை பாதியில் இருக்கும்போது ரேட்டைப் பேசக் கூடாது. அது கழுத்தைப் பிடிப்பது. ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பம் வெளிவரும், அதற்கு ஒரு மாதம் முன்னால் சொல்லிவிட வேண்டும். புது வாடிக்கையாளருக்கு முதல் நாளிலிருந்தே புது ரேட். பழையவர்களுக்கு வாட்ஸ்அப்பில் தேதி போட்டு இரண்டு வரி: ஆடி 1 முதல் லேபிள் 500, மூன்று திருத்தத்துக்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 50. திருத்தம்தான் ஆளைத் தின்கிற வேலை. 'அண்ணாச்சி, கொஞ்சம் மஞ்சள தூக்கலா' என்று ராத்திரி பதினோரு மணிக்கு வருகிற ஏழாவது திருத்தத்துக்கு இதுவரை யாரும் காசு கேட்டதில்லை. கேட்டால் ஏழு மூன்றாகிவிடும். காரணம் சொல்லி நீட்டி முழக்கவும் வேண்டாம், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, வீட்டு வாடகை ஏறிவிட்டது என்றெல்லாம் புலம்ப வேண்டாம். ஜியோ புலம்பவில்லை. (ஜிஎஸ்டி வந்துவிடுமோ என்று ஒரு பயம் அவனுக்கு. வருஷ வரவு 20 லட்சம் தாண்டினால்தான் பதிவு என்றேன். அந்தக் கவலை வந்தால் எனக்குச் சேவு வாங்கிக் கொடு என்றும் சொன்னேன்.)

எல்லோரும் இதைச் செய்ய முடியாது என்பதும் தெரியும். பட்டாசு ஆலையில் பீஸ் கணக்கில் வேலை பார்க்கிறவர் தனியாளாக நின்று ரேட் பேச முடியாது, அங்கே சங்கம் பேச வேண்டும். அச்சகத்துக்காரர் கொடுக்கிற வேலையை மட்டும் செய்து, கடைசி வாடிக்கையாளர் முகத்தையே பார்க்காத டிசைனர் பையனுக்கும் இது கஷ்டம். அவன் முதலில் நேரடி வாடிக்கையாளர் நான்கு பேரையாவது பிடிக்க வேண்டும், அப்புறம்தான் ரேட்.

எங்கள் தெருப் பையன் அந்த இரண்டு வரியைப் பதினோரு பேருக்கு அனுப்பினான். இரண்டு பேர் பதிலே போடவில்லை. ஒருவர் 450 என்று இழுக்கிறார். '300-க்குத் தாரேன்'னு சொல்லத் தயாராக இருந்தானே, அந்த வாடிக்கையாளர், ஓசிப் படம் என்று சொன்ன அதே ஆள், ஒரு கட்டைவிரல் மட்டும் போட்டுவிட்டு அடுத்த லேபிளுக்கு விவரம் அனுப்பியிருக்கிறார்.