அம்மா சிகிச்சைக்குப் போனால் வீட்டை யார் பார்ப்பது?

'கேபாட்' செய்திகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 2025 செப்டம்பர் 1 முதல் எட்டோமிடேட் 'சி' வகைப் போதைப்பொருளானது. முதன்முறை பிடிபடுபவர் அபராதம் கட்டுவதோடு மறுவாழ்வுத் திட்டத்துக்கும் போயாக வேண்டும் என்று அறிவித்தார்கள். 'மறுவாழ்வு' என்ற அந்தச் சொல்லைப் படித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். அந்தச் சொல்லுக்குள் என்ன நடக்கிறது? போகிறவர் ஒரு பெண்ணாக, அதுவும் பிள்ளை வைத்திருக்கும் பெண்ணாக இருந்தால் என்ன மாறுகிறது?

சிங்கப்பூரில் 2024ஆம் ஆண்டு கைதான போதைப் புழங்கிகள் 3,119 பேர். அவர்களில் 966 பேர் புதியவர்கள். அந்தப் புதியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் 30 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள், அதாவது ஏறக்குறைய உங்கள் வயதுக்காரர்கள். மொத்தத்தில் பெண்கள் சிறுபான்மைதான். எண்ணிக்கை குறைவு என்பதாலேயே அவர்களைப் பற்றிய பேச்சும் குறைவு.

எந்தக் கதவு வழியாக?

தங்கிச் சிகிச்சை பெற இங்கே இரண்டு முக்கிய வழிகள் இருக்கின்றன. இரண்டும் ரொம்பவே வேறு வேறு.

முதலாவது சட்டத்தின் வழி. சிறுநீர்ச் சோதனையில் போதைப்பொருள் இருப்பது உறுதியானால், மத்தியப் போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவின் இயக்குநர் அந்த நபரைப் போதைப்பொருள் மறுவாழ்வு நிலையத்துக்கு அனுப்ப உத்தரவிடலாம். பேச்சுவழக்கில் நாம் 'டிஆர்சி' என்று சொல்வது இதைத்தான். நிலையத்தை நடத்துவது சிறைத்துறை. பெண்களுக்கான இடமும் சாங்கிச் சிறை வளாகத்துக்குள்தான் இருக்கிறது. அதனால் "அவ ஜெயில்ல இருக்கா" என்று சொந்தக்காரர்கள் சொல்லிவிடுவார்கள். சட்டப்படி அது சரியில்லை. டிஆர்சிக்கு அனுப்பப்படுவது நீதிமன்றத் தண்டனை கிடையாது. அதனால் குற்றப் பதிவும் வராது. அதே சமயம் பூட்டிய கதவு பூட்டிய கதவுதான். அங்கே வைத்திருக்கக்கூடிய அதிகபட்சக் காலம் முன்பு 36 மாதம். 2019 சட்டத் திருத்தம் அதை 48 மாதமாக்கியது. வேறு குற்றம் எதுவும் செய்யாமல் புழங்க மட்டும் செய்தவர், முன்பு பலமுறை பிடிபட்டிருந்தாலும் நீண்ட சிறைத்தண்டனைக்குப் பதில் மறுவாழ்வுக்குப் போகலாம் என்ற வழியைத் திறந்ததும் அதே திருத்தம்தான். ஆபத்து குறைவு என்று மதிப்பிடப்படும் முதல்முறைப் புழங்கிகள் வீட்டிலிருந்தபடியே கண்காணிப்பில் இருக்கவும் அனுமதி உண்டு.

இரண்டாவது மருத்துவமனையின் வழி. புவாங்கோக்கில் இருக்கும் மனநலக் கழகத்தில் 'நேம்ஸ்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் தேசிய அளவிலான போதைப்பழக்கச் சிகிச்சைச் சேவை 2008 முதல் இயங்குகிறது. மது, போதைப்பொருள், சூதாட்டம் எல்லாவற்றுக்கும் அங்கே சிகிச்சை உண்டு. உடலிலிருந்து போதை இறங்கும் நாள்களில் நடுக்கம், வலிப்பு, குழப்பம் எல்லாம் வரலாம் என்பதால் உள்நோயாளியாகத் தங்கவும் இடம் உண்டு. குறிப்பாக மது: பல ஆண்டுகளாக நிறையக் குடித்தவர் திடீரென்று ஒரே நாளில் நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். "நாளையிலிருந்து தொடமாட்டேன்" என்று அம்மாவிடம் சத்தியம் வாங்குவதற்கு முன்பு ஒரு மருத்துவரைப் பாருங்கள்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒருவர் சட்டவிரோதப் போதைப்பொருளுக்கு அடிமையாகியிருப்பதாகச் சந்தேகித்தால், மருத்துவர் அதை அதிகாரிகளிடம் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். மதுவுக்கும் சூதாட்டத்துக்கும் அந்தக் கட்டாயம் இல்லை. குடிப் பிரச்சினை உள்ள பெண் பயப்படாமல் உள்ளே போகலாம். ஆனால் யாரும் அவரைக் கட்டாயப்படுத்தி அனுப்பவும் மாட்டார்கள். அவராகவே போக வேண்டும், அல்லது வீட்டில் யாராவது கூட்டிப் போக வேண்டும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

யார் கூட்டிப் போவது?

குடிக்கும் கணவரைச் சிகிச்சைக்குக் கூட்டிப்போகும் மனைவியை உங்களால் எளிதாகக் கற்பனை செய்ய முடியும். உங்கள் குடும்பத்திலேயே ஒருவர் இருக்கலாம். அவர் அப்பாயின்ட்மென்ட் எடுப்பார், லீவு போடுவார், முதலாளியிடம் "அவருக்கு உடம்பு சரியில்லை" என்று சொல்லிச் சமாளிப்பார், பிள்ளைகளை ஸ்கூலுக்கு அனுப்புவார், மாதக் கடைசியில் கரண்ட் பில்லும் கட்டுவார். கணவர் சில மாதம் எங்காவது தங்கிச் சிகிச்சை பெற்றாலும் வீடு ஓடும்.

இப்போது ஆளை மாற்றிப் பாருங்கள். குடிப்பது மனைவி. அல்லது மாத்திரையைப் பொடி செய்து உறிஞ்சுவது அக்கா. அவரைக் கூட்டிப்போவது யார்? அவர் செய்த வேலையை எடுத்துச் செய்வது யார்? பெரும்பாலும் பதில் இன்னொரு பெண்: பாட்டி, சித்தி, மூத்த மகள். அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால் சிகிச்சையே தள்ளிப்போகிறது.

இது சிங்கப்பூர்த் தமிழர்களின் கதை மட்டுமில்லை. உலகளவில் போதைப்பொருள் பயன்படுத்துவோரில் மூன்றில் ஒருவர் பெண், சிகிச்சையில் இருப்போரிலோ ஐந்தில் ஒருவர்தான் பெண் என்று ஐக்கிய நாட்டு அமைப்பின் 2015ஆம் ஆண்டு போதைப்பொருள் அறிக்கை சொன்னது. அந்த இடைவெளி ஒரே காரணத்தால் வந்ததில்லை. இருந்தாலும் பிள்ளையை யாரிடம் விடுவது என்ற கேள்வியும், 'தெரிஞ்சா பிள்ளைய எடுத்துட்டுப் போயிடுவாங்க' என்ற பயமும் அதில் பெரும்பங்கு வகிக்கின்றன.

உடம்பும் வேறு மாதிரி. ஒரே அளவு மது குடித்தாலும் பெண்ணின் ரத்தத்தில் மதுவின் அடர்த்தி கூடுதலாக ஏறும். உடலில் நீரின் பங்கு குறைவாக இருப்பது அதற்கு ஒரு காரணம். முதல்முறை தொட்டதிலிருந்து அடிமையாகும் நிலை வரையிலான காலமும் பெண்களுக்குச் சுருங்கிவிடுவதை, குறிப்பாக மதுப் பழக்கத்தில், மருத்துவர்கள் நெடுநாளாகக் கவனித்து வந்திருக்கிறார்கள். தாமதமாகத் தொடங்கியவர்கூடச் சீக்கிரமே மோசமான நிலைக்கு வந்துவிடலாம். அதோடு, சிகிச்சைக்கு வரும் பெண்களில் பலர் சிறுவயதில் துன்புறுத்தப்பட்டவர்கள், அல்லது வீட்டில் அடி வாங்கியவர்கள். முதல் முறை போதைப்பொருளை நீட்டியது காதலனாகவோ கணவனாகவோ இருப்பதும் சகஜம். அப்படிப்பட்டவரை ஆண்களோடு ஒரே வட்டத்தில் உட்கார வைத்து "மனசு திறந்து பேசுங்க" என்றால் எப்படிப் பேசுவார்? பெண்களுக்குத் தனி இடம் வேண்டும் என்று கேட்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

மொழியும் கொஞ்சம் உதைக்கிறது. 'குடிகாரன்' என்று சொல்லும்போது சலிப்பு இருக்கும், சில சமயம் சிரிப்புகூட இருக்கும். தமிழ்ப் படங்களில் பாதி நகைச்சுவை அதில்தான் ஓடியது. 'குடிகாரி' என்று சொல்லிப் பாருங்கள். அதில் சிரிப்பு இல்லை. அந்தச் சொல் அவருடைய குடியை மட்டும் குறை சொல்வதில்லை. மொத்த நடத்தையையும் சேர்த்து இழுக்கிறது. செய்திகளில் நாங்கள் 'போதைப் புழங்கி' என்று எழுதுகிறோம். அதில் ஆண்பால், பெண்பால் இல்லை. வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லையே!

ஹாஃப்வே ஹவுஸ் என்பது என்ன?

பெயரே சொல்கிறது, பாதி வழி. டிஆர்சியில் இருப்பவர்களில் தகுதி பெறுவோர் கடைசிக் கட்டத்தை வெளியே கழிக்கலாம். ஏற்ற வீடும் ஆதரவு தரும் குடும்ப உறுப்பினரும் இருந்தால் மின்னணுப் பட்டை அணிந்து வீட்டில் இருக்கலாம். இல்லாவிட்டால் ஹாஃப்வே ஹவுஸ். காலையில் வேலைக்குப் போகலாம், குறித்த நேரத்துக்குள் திரும்பிவிட வேண்டும். கவுன்சலிங், குழுச் சந்திப்பு, சிறுநீர்ச் சோதனை எல்லாம் உண்டு. சமையலும் துப்புரவும் முறை வைத்து. கேட்பதற்கு ஹாஸ்டல் போல இருக்கும். ஆனால் பல பெண்களுக்கு, யாருக்கும் பயப்படாமல் தூங்கக் கிடைக்கும் முதல் படுக்கை அதுவாக இருக்கலாம்.

இங்கேயும் கணக்கு ஆண்கள் பக்கம்தான் சாய்ந்திருக்கிறது. பெண்களை ஏற்கும் இல்லங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவற்றில் பலருக்கும் தெரிந்த 'தி டர்னிங் பாயிண்ட்' ஒரு கிறிஸ்துவ அமைப்பு. நம் சமூகத்தில் எல்லாருக்கும் தெரிந்த பெயர் 'ஆசிரமம்'. இந்து அறக்கட்டளை வாரியம் நடத்தும் அந்த இல்லம் ஆண்களுக்கானது. ஆக, ஒரு தமிழ் ஆண் தன் மொழியும் தன் சாப்பாடும் தன் பண்டிகைகளும் இருக்கும் இடத்தில் மீண்டு வரலாம். ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு அந்த வசதி அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை. வேறு சமய அமைப்பு நடத்தும் இல்லம் நல்லபடியாகவே கவனித்துக்கொள்ளலாம். ஆனாலும் ஆழமான வலியைச் சொல்ல வரும்போது பலருக்கு வீட்டு மொழிதான் வாயில் வரும்.

"எண்ணிக்கை குறைவு, தனி இல்லம் கட்டுப்படியாகாது" என்று சொல்வார்கள். சிங்கப்பூர் மக்கள்தொகையில் இந்தியர்கள் ஏறத்தாழ 9 விழுக்காடு. கைதாகும் போதைப் புழங்கிகளில் நம் பங்கு அதைவிடக் கூடுதல். அதில் பெண்களை மட்டும் எடுத்தால் எண்ணிக்கை சிறியதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தனிக் கட்டடம் ஒன்றுதான் வழி என்று யார் சொன்னது? ஏற்கெனவே இருக்கும் இல்லங்களுக்கு வாரம் ஒருமுறை போய்வரும், தமிழ் பேசும் பெண் தொண்டூழியர்கள் பத்துப் பேர் போதும். கோயில் நிகழ்ச்சிகளுக்கு நாம் திரட்டும் கூட்டத்தைப் பார்த்தால், பத்துப் பேர் கிடைக்கமாட்டார்கள் என்பதை என்னால் நம்ப முடியவில்லை.

கதவு திறந்த பிறகு

வெளியே வருவோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இரண்டு ஆண்டுக்குள் திரும்பவும் உள்ளே போகிறார். சிறைக்கைதிகளையும் டிஆர்சியிலிருந்து வருவோரையும் சேர்த்த கணக்கு இது. முன்பைவிட நிலைமை எவ்வளவோ பரவாயில்லை. மஞ்சள் நாடாத் திட்டம் 2004இல் தொடங்கியதிலிருந்து வேலை கொடுக்க முன்வரும் முதலாளிகள் பெருகியிருக்கிறார்கள்.

ஆனால் வெளியே வரும் தாயின் முதல் மாதத்தை எண்ணிப் பாருங்கள். விவாகரத்து ஆகியிருந்தால் வீவக வீடு கைவிட்டுப் போயிருக்கலாம். வாடகை வீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும், அது வரும் வரை யார் வீட்டிலாவது ஒண்டிக்கொள்ள வேண்டும். அம்மா வீடா? "ஒரு வருஷம் உன் பிள்ளைய நான்தான் பார்த்தேன்" என்ற பேச்சு தினமும் வரும். பழைய கணவர் வீடா? அவரும் புழங்கியவராக இருந்தால் அந்த வீட்டுப் படியில் ஏறுவதே ஆபத்து. கிடைக்கும் வேலை பெரும்பாலும் ஷிஃப்ட் வேலை. குழந்தைப் பராமரிப்பு நிலையமோ மாலை ஏழு மணிக்கு மூடிவிடும். இதற்கிடையில் கண்காணிப்பு உத்தரவுப்படி சோதனைக்குப் போக வேண்டும். அது அதிகபட்சம் ஐந்து ஆண்டு வரை நீடிக்கலாம். புது வேலையில் "நேரம் கேட்டுட்டு எங்க போறீங்க?" என்று மேனேஜர் கேட்டால் என்ன சொல்வது?

பிள்ளை விஷயம் இன்னும் கடினம். இரண்டு வயதில் விட்டுப் போன குழந்தைக்கு இப்போது மூன்றரை. அது பாட்டியை 'அம்மா' என்று கூப்பிடப் பழகியிருக்கும். தன் பிள்ளையிடமே அறிமுகமாக வேண்டிய அந்த நாள்களில்தான் பல பெண்களுக்குப் பழைய ஆசை தலைதூக்கும். மருந்தாலும் வகுப்பாலும் மட்டும் இதைத் தீர்க்க முடியாது. உள்ளே இருக்கும்போதே சந்திப்புகள் நடந்திருந்தால், பாட்டி "உங்க அம்மா சீக்கிரம் வந்துடுவா" என்று சொல்லிக்கொண்டே இருந்திருந்தால், அந்த நாள் கொஞ்சம் எளிதாகிறது. 'அம்மா வெளிநாட்டுல வேலை பாக்குறா' என்று சொல்லி வளர்த்த வீடுகளில் அது ரொம்பவே கஷ்டம்.

உங்களுக்குத் தெரிந்த ஒருவர் என்றால்

முதலில் அழைக்க வேண்டிய எண் 6732 6837, மனநலக் கழகத்தின் போதைப்பழக்க உதவித் தொலைபேசி. குடும்பத்தினரும் அழைக்கலாம். பலதுறை மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு போனால் கட்டணச் சலுகை கிடைக்கும். கெம்பாங்கான் - சாய் சீ சமூக நடுவத்தில் இயங்கும் 'வீ கேர்' என்ற தொண்டு அமைப்புக்குப் பகலில் போய்வரலாம். அங்கே இரவு தங்க வேண்டியதில்லை என்பதால் சிறு பிள்ளை உள்ள தாய்மாருக்கு அது தொடக்கமாக அமையலாம்.

பேசும்போது "ஏன் இப்படிப் பண்ண?" என்ற கேள்வியைத் தள்ளிவையுங்கள். "புதன்கிழமை நான் பாப்பாவ ஸ்கூல்லேர்ந்து கூட்டிட்டு வர்றேன், நீ அப்பாயின்ட்மென்ட்டுக்குப் போய்ட்டு வா" என்று கிழமையோடு சொல்லிப் பாருங்கள். நீண்ட நாள் தங்கிச் சிகிச்சை பெற வேண்டியிருந்தால், அவர் உள்ளே போவதற்கு முன்பே பக்கத்தில் உள்ள குடும்பச் சேவை நிலையத்துக்குப் போய் மூன்று விஷயம் பேசி வையுங்கள்: பிள்ளை யார் பொறுப்பில், ஸ்கூலில் யாரிடம் என்ன சொல்வது, வாடகையை யார் கட்டுவது. சந்திப்புக்குக் குழந்தையை அழைத்து வரலாமா, எந்த நாளில், என்னென்ன ஆவணம் வேண்டும் என்பதையும் முதல் வாரத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.