பழைய வேனுக்கு ஆல்டர்னேட்டர் மட்டும் போதுமா?

ஒட்டன்சத்திரம் போன்ற காய்கறிச் சந்தைகளுக்குச் சரக்கு கொண்டு செல்லும் விவசாயிகள் பலர் இருட்டோடு இருட்டாகப் புறப்படுகிறார்கள். சந்தை வாசலில் வண்டிகள் வரிசையாக நிற்கும். எஞ்சின் மெதுவாக ஓடிக் கொண்டிருக்கும்; முன் விளக்கு, பின் விளக்கு எல்லாம் எரிந்து கொண்டிருக்கும். சரக்கை இறக்கி விட்டுத் திரும்பலாம் என்று சாவியைத் திருப்பினால் செல்ஃப் 'டக்' என்று ஒரு சத்தத்தோடு நின்று விடும். பிறகு நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ள வேண்டியதுதான். டைனமோ பொருத்திய பழைய வேன் வைத்திருப்பவர்களுக்கு இந்த அனுபவத்தை விளக்கத் தேவையில்லை.

சென்னையை அடுத்த வண்டலூரில் ஒரு காலத்தில் தயாரான ஸ்டாண்டர்டு 20 போன்ற வேன்களை இன்று விரல் விட்டு எண்ணி விடலாம். ஆனால் அந்தக் காலத்து வேன், ஜீப், டிராக்டர் எதுவானாலும் மின்சார அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். அப்பா வாங்கிய வண்டி என்று விற்க மனமில்லாமல் வைத்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். "பாட்டரி நிற்கவில்லை" என்று இவர்கள் பட்டறைக்குப் போனால், "டைனமோவைத் தூக்கிப் போட்டுட்டு ஆல்டர்னேட்டர் மாட்டிருங்கண்ணே" என்ற யோசனை உடனே கிடைக்கிறது. இது தவறான யோசனை அல்ல; ஆனால் பாதி யோசனை. மீதிப் பாதி டிரைவருக்கு முன்னால் இருக்கும் மீட்டர் போர்டில் இருக்கிறது. அதைத் தொடாமல் ஆல்டர்னேட்டரை மட்டும் மாட்டுவது சில சமயம் வண்டிக்கே ஆபத்தாக முடியும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 45 வாட் முன் விளக்கு இரண்டு எரிந்தால் 12 வோல்ட் பாட்டரியிலிருந்து ஏழரை ஆம்பியர் போகிறது. பின் விளக்கு, நம்பர் பிளேட் விளக்கு, மழைக் காலமானால் வைப்பர் இவற்றையும் சேர்த்தால் சுமார் 12 ஆம்பியர். அந்தக் காலத்து டைனமோ நல்ல வேகத்தில் 22 ஆம்பியர் வரை கொடுக்கும். சாலையில் ஓடும் வரை தாராளம். ஆனால் எஞ்சின் மெதுவாக ஓடும்போது டைனமோவின் வோல்டேஜ் பாட்டரியை விடக் குறைந்து விடுகிறது. பாட்டரி மின்சாரம் டைனமோவுக்குத் திரும்பிப் பாயாமல் கட்-அவுட் இணைப்பைத் துண்டித்து விடுகிறது. ஆகவே சந்தை வாசலில் நிற்கும் ஒரு மணி நேரத்தில் 60 ஆம்பியர்-மணி பாட்டரியில் ஐந்தில் ஒரு பங்கு காலி.

ஆல்டர்னேட்டர் இந்தக் குறையைப் போக்குகிறது. டைனமோவில் உற்பத்தியாகும் மின்சாரம் முழுவதையும் சுழலும் சுருளிலிருந்து கார்பன் பிரஷ் வழியாக எடுக்க வேண்டியிருப்பதால் அதை அளவுக்கு மீறிச் சுழற்ற முடியாது. ஆல்டர்னேட்டரில் மின்சாரம் பிறப்பது அசையாத சுருளில். பிரஷ் வழியாகச் செல்வது காந்தப்புலத்துக்கு வேண்டிய சில ஆம்பியர் மட்டுமே. அதனால் சிறிய புல்லி போட்டு வேகமாகச் சுழற்றலாம்; எஞ்சின் மெதுவாக ஓடும்போதும் சார்ஜ் கிடைக்கிறது. பகலில் மட்டும் தோட்டத்துக்கும் வீட்டுக்கும் ஓடுகிற வண்டிக்கு இந்தச் செலவு அவசியமில்லை. டைனமோவின் பிரஷ்ஷை மாற்றி, கம்யூட்டேட்டரைச் சுத்தம் செய்தாலே போதும். இரவில் ஓடும் வண்டிக்கு ஆல்டர்னேட்டர் வேண்டியதுதான்.

இனி மீட்டர் போர்டுக்கு வருவோம். பழைய வண்டிகளில் ஆம்பியர் மீட்டர் ஒன்று இருக்கும். நடுவில் பூஜ்யம், இரு பக்கமும் 30. செல்ஃப் மோட்டாருக்குப் போகும் மின்சாரம் தவிர மற்றது ஏறக்குறைய எல்லாம் டாஷ் போர்டுக்குப் பின்னால் வந்து இந்த மீட்டர் வழியாகத்தான் போகிறது. 22 ஆம்பியர் டைனமோவுக்காக இழுத்த வயர் அது. அதுவும் உறை வெடித்து, எண்ணெய் குடித்து ஊறிப் போனது. அதில் 45 ஆம்பியர் ஆல்டர்னேட்டரை இணைத்து, இறங்கிப் போன பாட்டரியோடு காலையில் ஸ்டார்ட் செய்தால் என்ன ஆகும்? மீட்டரின் முள் ஓரத்தில் போய் முட்டும், வயர் சூடாகும், திருகாணி தளர்ந்த இடத்தில் புகை வரும். இந்த வழியில் பெரும்பாலும் ஃப்யூஸும் இருப்பதில்லை. வண்டி தீப்பிடிக்க இதை விட வேறு வழி தேட வேண்டாம்.

ஆகவே ஆல்டர்னேட்டரிலிருந்து பாட்டரிக்குத் தனியாகப் புதிய வயர் இழுக்க வேண்டும். 45 ஆம்பியருக்கு 6 சதுர மில்லி மீட்டருக்குக் குறையாத செம்பு வயர். தூரம் அதிகமானால் 10. பாட்டரிக்கு அருகிலேயே 60 ஆம்பியர் ஃப்யூஸ். ரெகுலேட்டர் உள்ளேயே அமைந்த ஆல்டர்னேட்டரானால் பழைய கட்-அவுட் பெட்டிக்கு இனி வேலை இல்லை. 'இருக்கட்டும்' என்று அதைச் சுற்றில் விட்டு வைப்பது தவறு. எஞ்சினையும் சேஸையும் இணைக்கும் எர்த் பட்டையையும் அப்போதே புதிதாகப் போட்டு விட வேண்டும்.

ஆம்பியர் மீட்டரைக் கழற்றி விட்டு அந்த ஓட்டையில் ஒரு வோல்ட் மீட்டரைப் பொருத்துவதே நல்லது. பழைய டிரைவர்களுக்கு இது பிடிக்காது; ஆம்பியர் மீட்டரைப் பார்த்துப் பழகிய கண் அது. ஆனால் வோல்ட் மீட்டருக்கு மெல்லிய வயர் போதும், அதில் தீ அபாயம் இல்லை. அது சொல்லும் செய்தியும் தெளிவானது. எஞ்சினை நிறுத்தி வைத்திருக்கும்போது 12.6 என்றால் பாட்டரி நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி. ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை இருக்க வேண்டும். 13-க்குக் கீழே என்றால் சார்ஜ் இல்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டு விட்டது. ஆசிட் கொதித்துப் பாட்டரி பாழாகும்.

சிவப்பு சார்ஜ் விளக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். டைனமோ வண்டியில் அந்த பல்பு எரிந்து போனாலும் சார்ஜ் ஆகும். ஆகவே 'அது போனால் போகிறது' என்ற பழக்கம் வந்து விட்டது. ஆனால் பல ஆல்டர்னேட்டர்களில் அந்த பல்பு வழியாகப் போகும் சிறிய மின்சாரம்தான் காந்தத்தைத் தொடங்கி வைக்கிறது. சுமார் 2 வாட் பல்பு போதும். அது இல்லாவிட்டால் புது ஆல்டர்னேட்டரும் சும்மா சுற்றிக் கொண்டிருக்கும். இப்போது பலர் மீட்டர் போர்டு பல்புகளை எல்லாம் எல்.இ.டி.யாக மாற்றி விட்டு, சார்ஜ் ஆகவில்லை என்று ஆல்டர்னேட்டரைக் குறை சொல்கிறார்கள். எல்.இ.டி. இழுக்கும் மின்சாரம் இந்த வேலைக்குப் போதாது.

பாட்டரி இறங்கினால் தள்ளி விடலாம். ஹீட் மீட்டரும் ஆயில் பிரஷர் மீட்டரும் பொய் சொன்னால் எஞ்சினே போய் விடும். பட்டறைக்காரர்களும் வண்டிக்காரர்களும் மிகக் குறைவாகக் கவனிப்பது இவற்றைத்தான்.

மின்சார ஹீட் மீட்டரின் சென்சார் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். ஹோஸ் வெடித்துத் தண்ணீர் முழுவதும் போய் விட்டால் சென்சார் வெறும் காற்றில் நிற்கிறது. முள் கீழே இறங்கவும் கூடும். கொடைக்கானல் மலைப் பாதையில் ஏறும்போது மேலே போன முள் திடீரென்று இறங்கினால், 'சூடு தணிந்தது' என்று மகிழ்ந்து மிதிப்பவர் எஞ்சினைக் கொல்கிறார். முள் காரணமில்லாமல் இறங்கினாலும் வண்டியை நிறுத்திப் பார்க்க வேண்டும். மூடியை உடனே திறக்காமல் ஆற விட்டுத் திறப்பதுதான் முறை.

மற்றொரு சிக்கல், ஆல்டர்னேட்டர் மாற்றிய பிறகு சில வண்டிகளில் தோன்றும். டீசல் மீட்டரும் ஹீட் மீட்டரும் சேர்ந்தாற்போல் அதிகம் காட்டும். ரேடியேட்டரைக் கழற்றி ஆசிட் ஊற்றிக் கழுவுகிறார்கள், பலன் இருப்பதில்லை. குற்றவாளி மீட்டர் போர்டுக்குப் பின்னால் இருக்கும் சிறிய 10 வோல்ட் ஸ்டெபிலைசர். அதன் எர்த் விட்டுப் போனால் பாட்டரி வோல்டேஜ் முழுவதும் மீட்டர்களுக்குப் போகிறது. பழைய டைனமோவின் 12 சொச்சத்தில் தெரியாமல் இருந்த பிழை, 14 வோல்ட் வந்ததும் வெளிச்சமாகிறது. இரண்டு முள்ளும் ஒன்றாக ஏறினால் முதலில் பார்க்க வேண்டியது இந்த எர்த் இணைப்பை. சிவப்பு விளக்கு எரிந்து சூடும் ஏறினால் அது வேறு: ஃபேன் பெல்ட் அறுந்திருக்கும் அல்லது வழுக்கும். பெல்ட்டை நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் சுமார் அரை அங்குலம் இறங்க வேண்டும்.

ஆயில் பிரஷர் மீட்டரைக் கழற்றி விட்டு விளக்கு மட்டும் வைத்துக் கொள்வது இன்று சாதாரணமாகி விட்டது. இது வருந்தத் தக்கது. அந்த விளக்கு எரிவது பிரஷர் ஏறக்குறைய ஒன்றுமில்லாத நிலைக்கு வந்த பிறகு. சூடான எஞ்சினில் வழக்கமாக 40 காட்டும் முள் மாதந்தோறும் இறங்கி 25-க்கு வருவதை மீட்டர் ஒன்றே முன்கூட்டிச் சொல்லும். செம்புக் குழாய் போன இடத்தில் மலிவான பிளாஸ்டிக் குழாயைச் சைலன்சர் பைப்புக்கு அருகில் கொண்டு செல்லக் கூடாது. உருகினால் கொதிக்கும் ஆயில் டிரைவரின் காலில்தான் கொட்டும்.

ஆகவே வரிசை இதுதான்: முதலில் ஹீட் மீட்டரும் ஆயில் பிரஷர் மீட்டரும், அடுத்து வயரிங், கடைசியில் ஆல்டர்னேட்டர். கையில் உள்ள பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் மீட்டர்களைச் சரி செய்து விட்டு, டைனமோவுடனேயே இன்னும் ஓராண்டு ஓட்டலாம்.

மாற்றும் நாளில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. அந்தக் காலத்து ஆங்கில மாதிரி வண்டிகள் சிலவற்றில் பாட்டரியின் பிளஸ் முனை எர்த் ஆக இருக்கும். இன்றைய ஆல்டர்னேட்டருக்கு மைனஸ்தான் எர்த். பார்க்காமல் இணைத்தால் டையோடுகள் நொடியில் போய் விடும். பாட்டரியைத் திருப்பி வைத்து, பெட்ரோல் வண்டியானால் இக்னிஷன் காயில் இணைப்பையும் மாற்ற வேண்டும். சில டீசல் வண்டிகளில் பிரேக்குக்கான வாக்குவம் பம்ப் ஆல்டர்னேட்டரின் பின்புறமே அமைந்திருக்கிறது. அத்தகைய வண்டிக்குப் பம்ப் இல்லாத ஆல்டர்னேட்டரை வாங்கி வந்து விடக் கூடாது.

எஞ்சின் ஓடும்போது பாட்டரி டெர்மினலைக் கழற்றிச் சார்ஜ் பார்க்கும் பழைய வித்தையை இனி யாரும் செய்ய வேண்டாம். ஆல்டர்னேட்டரில் அந்த நொடியில் வோல்டேஜ் எகிறி டையோடுகளைத் தின்று விடும். கேரியருக்கோ பின் கதவுக்கோ வெல்டிங் வைக்கும்போதும் அப்படித்தான். பாட்டரி, ஆல்டர்னேட்டர் இரண்டின் வயர்களையும் கழற்றி விட்டே வெல்டிங் ராடைத் தொட வேண்டும்.