'மன்னா' என்ற சொல்

பொதுக்காலத்தின் பதினெட்டாம் ஞாயிறன்று, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, விடுதலைப் பயண நூலின் 16ஆம் அதிகாரம் நம் ஆலயங்களில் வாசிக்கப்படுகின்றது. அதில் வரும் 'மன்னா' என்ற சொல்லைக் கேட்கும் தமிழ்ச் சிறுவனுக்கு, அரசனை விளித்துப் பாடும் நாட்டுக்கூத்து மேடையே நினைவுக்கு வரும். அவனைக் குறைகூற முடியாது.

எபிரேயருக்கோ அது ஒரு வினா. பனி மறைந்த பாலைநிலத்தில் மெல்லியதொரு பொருள் கிடக்கக் கண்டு, "மான் ஹூ", அதாவது "இது என்ன?" என்று ஒருவரையொருவர் கேட்டனர். (நம் காட்டு மானுக்கும் இதற்கும் தொடர்பில்லை.) கேள்வியே உணவின் பெயராகி, கிரேக்க மொழிபெயர்ப்பின் வழியே 'மன்னா' என்ற வடிவில் பல மொழிகளிலும் புகுந்தது. தமிழிலே நிலைபெறுதலைக் குறிக்கும் 'மன்னுதல்' என்ற வினை உண்டு. அதன் எதிர்மறையான 'மன்னா' என்பதற்கு 'நிலையில்லாத' என்று பொருள். சங்கப் புலவர் இவ்வுலகையே அவ்வாறு குறித்தனர். எபிரேயமும் தமிழும் உறவில்லா மொழிகள். ஒலி ஒற்றுமை தற்செயலானதே. ஆயினும் மறுநாளுக்கென்று வைத்த மன்னா புழுத்து நாறியதைப் படிக்கும்போது, தமிழ்ப் பொருளும் பொருந்தித்தான் போகின்றது.

யோவான் நற்செய்தியின் 6ஆம் அதிகாரத்திலோ கூத்து மேடை மன்னனும் வந்துவிடுகின்றான். அப்பம் உண்டு நிறைவுற்ற மக்கள் இயேசுவைப் பிடித்து அரசராக்க முனைந்தனர். அவர் தனியாக மலைக்கு விலகிச் சென்றார். மறுநாள் அவரைத் தேடிவந்தவர்களே முன்னோர் உண்ட மன்னாவைப் பற்றிப் பேசினர்.

அந்த விலகலை நாம் போதியளவு சிந்திப்பதில்லை என்பது என் கருத்து. 2004இன் ஆழிப்பேரலை, 2009 வரை நீண்ட போர், 2022இன் பொருளாதார நெருக்கடி என்று உலர் உணவுப் பொதிக்காக வரிசையில் நின்ற அனுபவம் நம் குடும்பங்கள் பலவற்றுக்கு உண்டு. பொதியோடு பதாகையும் புகைப்படக் கருவியும் வருவதைக் கண்டிருக்கிறோம். நம் பக்திச் சபைகளும் இதற்கு விலக்கல்ல. பிள்ளையின் பசிக்காகக் கைநீட்டும் தாயைப் படத்துக்காக முகம் நிமிர்த்தச் சொல்வது, அவளை நமக்கு "மன்னா!" என்று கூவச் செய்வதேயாகும். பாலைநிலத்து உணவு ஆள் பார்க்காத இரவில் பனியோடு இறங்கியது. தலைக்கு ஒரு ஓமர். மிகுதியாகச் சேர்த்தவருக்கு மிஞ்சவுமில்லை, குறைவாகச் சேர்த்தவருக்குக் குறையவுமில்லை.

பொதி வழங்குவோர் விதைநெல்லையும் எண்ணிப் பார்க்கவேண்டும். கானான் நிலத்தின் விளைச்சலை மக்கள் உண்ட மறுநாளே மன்னா நின்றுபோயிற்று என்று யோசுவா நூல் (5:12) குறிப்பிடுகின்றது.