துடைக்கும் துணியிலும் முதல் இருக்கிறது

2023ஆம் ஆண்டு எனது காரை விற்க நேர்ந்தது. எட்டு வருடங்கள் வைத்திருந்த வாகனம். இன்ஜினில் குறையில்லை, எங்கும் மோதுண்டதுமில்லை. வாங்க வந்த வாகன வியாபாரி பொனட்டுக்கு முன்னால் குந்தியிருந்து கைத்தொலைபேசியின் வெளிச்சத்தைப் பிடித்தார். "நானா, இஞ்ச கொஞ்சம் பாருங்க" என்றார். சிலந்தி வலை பின்னியது போல, வட்டம் வட்டமாக மெல்லிய கீறல்கள். பேசிய விலையில் எழுபத்தையாயிரம் ரூபா இறங்கியது.

கீறியது வேறு யாருமல்ல, நான்தான். எட்டு வருடமாக வாராவாரம் காரைக் கழுவிவிட்டு, பழைய சாரனைக் கிழித்துத் துடைத்து வந்தேன். ஒரு நல்ல துணியின் விலையை மிச்சம் பிடித்ததாக நினைத்தேன். கணக்கு வேறு விதமாக முடிந்தது.

நம் நாட்டில் வாகனம் வெறும் பாவனைப் பொருளல்ல, அது முதல். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. அந்த ஐந்து வருடங்களில் பழைய வாகனங்களின் விலை எங்கே போய் நின்றது என்பதை நாம் அனைவரும் அறிவோம். கடையின் சரக்கைத் தூசி படாமல் காக்கும் நாம், வாசலில் நிற்கும் முதலை மட்டும் கந்தலால் தேய்ப்பது என்ன நியாயம்?

பெயின்டுக்கு மேலே நிறமற்ற ஒரு மெல்லிய பூச்சு உண்டு. கிளியர் கோட் என்பார்கள். அதன் தடிப்பு பொதுவாக 40 முதல் 50 மைக்ரோன் வரைதான், நமது தலைமயிரின் தடிப்பைவிடக் குறைவு. எவ்வளவு கழுவினாலும் ஓரிரு மணல் துகள்கள் மிஞ்சும். இழை படுத்திருக்கும் தட்டையான துணியில் அத்துகளுக்கு ஒதுங்க இடமில்லை. துணியோடு சேர்ந்து இழுபட்டு, பூச்சைக் கீறிக்கொண்டே போகும். சாரனும் பழைய பெனியனும் செய்வது இதைத்தான்.

அப்படியானால் துடைக்காமல் வெயிலில் காயவிடலாமே என்பர் சிலர். அதுவும் நட்டமே. தண்ணீர் ஆவியாகும், அதிலுள்ள சுண்ணாம்பு போகாது. புத்தளம், யாழ்ப்பாணம் போன்ற இடங்களின் கிணற்று நீரில் கழுவியவர்களுக்கு அந்த வெள்ளைப் புள்ளிகள் தெரியும். நாட்பட்டால் அவை பூச்சையே அரித்துவிடும்.

பரம்பரையாக வரும் ஷமி லெதர் தண்ணீரை நன்றாக உறிஞ்சும். இன்று அது பெரும்பாலும் மீனெண்ணெயில் பதனிட்ட செம்மறித் தோல். ஆனால் அதுவும் தட்டையானது, காய்ந்தால் விறைக்கும். கண்ணாடிக்கு அது போதும். பெயின்டுக்கு எனது தெரிவு தடித்த மைக்ரோபைபர் துவாய்தான். பட்டு இழையிலும் மெல்லிய, பிளவுபட்ட இழைகளால் ஆனது. பெரும்பாலும் 80 வீதம் பொலியஸ்டர், 20 வீதம் பொலியமைட். மணல் துகள் அதன் நீண்ட இழைகளுக்குள் ஒதுங்கிக்கொள்ளும்.

எனினும் மைக்ரோபைபர் என்று லேபல் ஒட்டியதெல்லாம் ஒன்றல்ல. வாங்கும்போது உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். நல்ல துணி தோலில் மெல்லப் பற்றும். கண்ணாடியில் சிறிது தண்ணீர் ஊற்றித் துணியை வைத்துப் பாருங்கள். உறிஞ்சினால் எடுங்கள், தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போனால் வைத்துவிடுங்கள். ஓரத் தையல் மென்மையாக இருக்க வேண்டும். லேபலை வெட்டி எறியுங்கள்.

துடைக்கும் முறையும் முக்கியம். நிழலில் நிறுத்தி, மேலிருந்து கீழாகத் துடையுங்கள். துவாயை விரித்து வைத்து ஒற்றுங்கள், அல்லது மெதுவாக இழுங்கள், அழுத்தித் தேய்க்க வேண்டாம். சில்லுகளுக்கு வேறு துணி. நிலத்தில் விழுந்த துணியைக் கழுவாமல் மீண்டும் காரில் வைக்காதீர்கள். துவாயைத் தனியாகக் கழுவுங்கள். துணியை மென்மையாக்கும் திரவம் கலந்தால் உறிஞ்சும் தன்மை குறையும். கொதிநீரும் கூடாது.

இத்துணிகளை விற்கும் சகோதரர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு துணியைப் பிரித்து வைத்து, வாடிக்கையாளர் தண்ணீர் ஊற்றிப் பார்க்க இடம் கொடுங்கள். சோதித்து வாங்கியவர் மீண்டும் உங்களிடமே வருவார்.

சிக்கனம் வேறு, கருமித்தனம் வேறு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எழுபத்தையாயிரம் ரூபா கொடுத்து நான் கற்றேன். நீங்கள் இரண்டு நல்ல துவாயின் விலையோடு கற்றுக்கொள்ளுங்கள்.