க்ளிக் வேறு, ஓட்டு வேறு

இணையக் கணிப்பில் ஜெயித்தவர் தேர்தலில் தோற்றால் உடனே ‘சதி’ என்கிறார்கள். எனக்கு இந்தப் புலம்பல் அலுத்துவிட்டது. அமெரிக்காவின் ரான் பாலைப் பாருங்கள். 2007இல் குடியரசுக் கட்சி விவாதங்கள் பலவற்றுக்குப் பின் நடந்த இணைய வாக்கெடுப்புகளில் அவர்தான் முன்னணி. டிசம்பர் 16 அன்று ஒரே நாளில் சுமார் 60 லட்சம் டாலர் நன்கொடை. 2008 ஜனவரியில் அயோவாவில் கிடைத்ததோ சுமார் 10%. நியூ ஹாம்ப்ஷயரில் சுமார் 8%.

இதில் சதி எங்கே? கணிப்பில் எண்ணப்பட்டது தானாகத் தேடி வந்த கூட்டம். ஐம்பது மாநில ரசிகர்களும் ஒரே பக்கத்தில் குவியலாம். அயோவாவில் அயோவாக்காரர்தான், அதுவும் குளிர் இரவில் நேரில் போய், ஓட்டுப் போடணும். வெறியோடு போட்டாலும் வேண்டாவெறுப்பாகப் போட்டாலும் ஓட்டு ஒண்ணுதான். கணினியே தொடாத கிழவிக்கும் ஒண்ணுதான். அதை அநியாயம் என்பவர்களுக்குப் பிடிக்காதது தோல்வி இல்லை, ஜனநாயகம்.