சொட்டும் இடமும் கசியும் இடமும்

கார் நின்ற இடத்தில், தரையில் பச்சை நிறத்தில் சில சொட்டுகள் கிடக்கின்றன. காரின் சொந்தக்காரர் திரவத் தொட்டியில் குறைந்த அளவை ஊற்றி நிரப்பிவிட்டு ஓட்டிச் செல்கிறார். இது பழுது பார்ப்பது ஆகுமா? ஆகாது, பழுதைத் தள்ளிப்போடுவதுதான் என்பது என் கருத்து. காரணத்தைச் சொல்கிறேன்.

பிரான்சின் சிட்ரோயன் நிறுவனம் 1955ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் டி.எஸ். என்னும் காரை வெளியிட்டது. இதன் சக்கரங்களுக்கு எஃகு ஸ்பிரிங் இல்லை. பதிலாக, சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு உலோக உருண்டைகள் உண்டு. ஒவ்வோர் உருண்டையின் நடுவிலும் ஒரு ரப்பர் சவ்வு. அதன் ஒரு பக்கம் நைட்ரஜன் வாயு, மறு பக்கம் திரவம். சக்கரம் மேட்டில் ஏறும்போது பிஸ்டன் திரவத்தைத் தள்ளுகிறது. திரவம் எளிதில் சுருங்காது, வாயு சுருங்கும். ஆகவே இங்கே வாயுவே ஸ்பிரிங்! இந்த அமைப்பை உருவாக்கியவர் பால் மாஜெஸ்.

எஞ்சினால் இயங்கும் பம்ப் திரவத்தைச் சுமார் 150 பார் அழுத்தத்தில் வைத்திருக்கிறது. கார் டயரில் இருப்பதோ சுமார் 2 பார்தான். பாஸ்கல் விதியை நீங்கள் படித்திருப்பீர்கள். அதன்படி இந்த அழுத்தம் குழாய்ச் சுவரின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் ஏறத்தாழ 150 கிலோகிராம் எடைக்குச் சமமாகச் செயல்படுகிறது. இதே திரவம்தான் பிரேக்கையும் இயக்குகிறது. இப்போது சொல்லுங்கள், அந்தச் சொட்டு அற்பமானதா?

சரி, கசிவை எப்படிக் கண்டுபிடிப்பது? சொட்டு விழும் இடத்துக்கு நேர் மேலே கசிவு இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. திரவம் குழாயின் வெளிப்புறம் வழியாக ஓடி, தாழ்ந்த இடத்துக்கு வந்தபின்பே சொட்டுகிறது. ஓடும் காரில் காற்றும் அதைப் பின்னால் தள்ளும். எனவே முதலில் எல்லாவற்றையும் துடைத்து உலர்த்த வேண்டும். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, விளக்கொளியில் மிக உயரத்தில் ஈரமாகும் இடத்தைத் தேட வேண்டும்.

தொட்டியும் நமக்குச் சாட்சி சொல்லும். திரவ மட்டம் குறைந்துகொண்டே வந்தால், கசிவு வெளியே இருக்கிறது. மட்டம் குறையாமல் கார் மட்டும் கடினமாகக் குலுங்கினால், உருண்டையிலிருந்து நைட்ரஜன் குறைந்திருக்கலாம். அப்போது குழாயை மாற்றி என்ன பயன்?

"இத்தனை ஆராய்ச்சி எதற்கு? சந்தேகப்படும் பாகங்களை எல்லாம் மாற்றிவிட்டால் வேலை முடிந்தது" என்பார்கள் சிலர். பணம் வீணாவது ஒருபுறம் இருக்கட்டும். கசிவு நின்றாலும், எதனால் நின்றது என்று தெரியாது. மீண்டும் கசிந்தால், மீண்டும் இருட்டில் துழாவ வேண்டியதுதான்.

காரணம் தெரிந்தால் மருந்தும் தெரியும். குழாய் இணைப்பில் கசிந்தால், நட்டை மேலும் முறுக்குவது தீர்வல்ல. அங்குள்ள சிறிய ரப்பர் வளையத்தை மாற்ற வேண்டும். துருப்பிடித்த எஃகுக் குழாயை ஒட்டுப் போடாமல் புதிதாக மாற்ற வேண்டும். பச்சைத் திரவம் கனிம எண்ணெய் வகை. அதற்குப் பதில் சாதாரண பிரேக் திரவத்தை ஊற்றினால், ரப்பர் வளையங்கள் கெட்டுவிடும்.

ஓர் எச்சரிக்கை. அழுத்தத்தில் உள்ள குழாயைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. ஊசிமுனைத் துளையிலிருந்து பீறிடும் திரவம் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். இணைப்பைக் கழற்றும் முன் எஞ்சினை நிறுத்தி, காரை உறுதியான தாங்கிகளில் நிறுத்தி, அழுத்தத்தை வெளியேற்ற வேண்டும். அழுத்தம் போனால் காரின் உடல் கீழே இறங்கும். அடியில் இருப்பவர் நசுங்கிவிடுவார். ஆகவே இது பயிற்சி பெற்றவர்கள் செய்யும் வேலை.

ஆனால் சிந்திக்கும் முறை உங்களுக்கும் உரியது. வீட்டுக் கூரை ஒழுகினாலும், சைக்கிள் டியூபில் காற்று இறங்கினாலும், உடனே அடைக்கப் புறப்படாதீர்கள். துடையுங்கள், கவனியுங்கள், ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். பழுதைக் கண்டுபிடிப்பதே பாதிப் பழுது பார்ப்பு!